மிளகுத் துரட்டிக்கு வந்த மூன்று விடை

ஜனவரி 19, திங்கள்

காலையில் பனி. பத்து மணி வரை எதிர்வீட்டு ஓடு தெரியவில்லை. மிளகு காயப்போட்ட தார்ப்பாயை இரண்டு தடவை மூடி இரண்டு தடவை திறந்தாயிற்று.

வாங்க: கடுகு, துணி சோப்பு, லேப்டாப் சார்ஜருக்கு ஒயர் (பூனை கடித்துவிட்டது, சனியன்).

பதினொன்றரைக்கு நெட்வொர்க். வந்ததும் வராததுமாக மேனேஜர் ராகவின் மெயில். பழனியம்மாக்காவின் காப்புரிமை விண்ணப்பத்துக்குக் காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதனை அறிக்கை வந்துவிட்டதாம். சாரம்: மிளகுத் துரட்டியில் புதுமை எதுவும் இல்லை, முப்பது வருடத்துக்கு முன்பே வெளிநாட்டில் ஒருவர் இதையே பதிவு செய்திருக்கிறார். அதற்குக் கீழே ராகவ் சேர்த்த ஒரே வரி: "தேடியது நீங்கள்தானே?"

நான்தான். வேறு யார்? ஆறு வருடமாக மலைமேல் இந்த வாழவந்தி நாட்டில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனிக்கு நான் செய்வது இது ஒன்றுதான். புதிதாக ஒன்றைச் செய்தேன் என்று ஒருவர் வந்தால், உலகத்தில் வேறு யாராவது அதை முன்பே எழுதிவைத்திருக்கிறார்களா என்று ஆவணங்களில் தேடிச் சொல்வது. அக்காவுக்குப் போன ஜூனில் தேடினேன். இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதை நம்பித்தான் விண்ணப்பமே போனது.

அப்படியே இருந்தாலும், அந்த வெளிநாட்டுக்காரர் மிளகுக் கொடியைக் கண்ணால் பார்த்திருப்பாரா? சில்வர் ஓக் மரத்தில் ஏறின கொடி. மிளகுச் சரம் பறிக்க ஒற்றை மூங்கில் ஏணி. அதிலிருந்து விழுந்துதான் அக்கா வீட்டுக்காரருக்கு இடுப்பு போனது, இன்னும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். அதற்கப்புறம்தான் அக்கா இதைச் செய்தது. இருபதடிக் கழி, நுனியில் கொக்கி, இழுக்க ஒரு கயிறு, பழைய சேலையைக் குழாயாகத் தைத்து மாட்டி, சரம் அதன் வழியே கீழே பைக்குள் விழும். நின்ற இடத்திலிருந்தே பறிக்கலாம். அரியூர் நாட்டில் எட்டு வீட்டில் இப்போது அதுதான்.

மலைக்குக் கீழே, கீழ்நாட்டுக் கடைக்காரர் ஒருவர் வந்து துரட்டியைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனது வேறு இருக்கிறது. காப்புரிமை கிடைக்காமல் போனால் அடுத்த சந்தையிலேயே இதே துரட்டி அவர் பெயர் ஒட்டித் தொங்கும். அக்கா பயப்படுவது அதற்கு மட்டும்தான்.

இவர் பஸ்ஸிலிருந்து வந்ததும் சொன்னேன். கண்டக்டர் பையைக்கூடக் கழற்றவில்லை. "ஆபீசுல சொன்னா சரியாத்தான் இருக்கும் புள்ள." சாப்பாட்டுத் தட்டை ணங்கென்று வைத்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

வெயில். மிளகு ஒரு நாளில் பாதி கறுத்துவிட்டது.

அந்த வெளிநாட்டு ஆவணத்தைத் திறந்தேன். பதினான்கு பக்கம். எதற்கெல்லாம் உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் உரிமைக்கோரல் பகுதியை மட்டும் படித்தேன், எப்போதும் அப்படித்தான். பழம் பறிக்கும் கருவி. கழி. நுனியில் கொக்கி. கொக்கிக்குக் கீழே துணிக்குழாய். பறித்தது குழாய் வழியே பைக்குள்.

அக்காவுடையதைக் கம்பெனி வக்கீல் எப்படி எழுதினாரோ அதே வரிசை. எழுந்து போய்த் தார்ப்பாயைக் கிளறிவிட்டு வந்தேன்.

நான் பழகிய தேடல் தளங்கள் மூன்று. பழையவர்: மே மாதம் வரை கம்பெனி சந்தா கட்டியது. புதியவர்: ஜூனிலிருந்து. ஓசியார்: யார் வேண்டுமானாலும் சும்மா பார்க்கலாம். ஓசியாரிடம் போய் மூன்றே மூன்று சாதாரண வார்த்தை கொடுத்தேன். அந்த ஆவணம் நான்காவதாக வந்து நின்றது.

நான்காவது! காசு வாங்காத தளத்தில், பள்ளிக்கூடப் பிள்ளை கேட்பதுபோலக் கேட்டதற்கு. காசு வாங்கும் தளத்தில் நான் ஒரு பக்கத்துக்குக் கேள்வி எழுதினேனே, அதற்கு ஏன் வரவில்லை?

ஜனவரி 21, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். அக்காவுக்குப் போட்ட கேள்வி பழைய தளத்தின் குறிகளோடேயே போயிருக்கிறது.

ஜூன் முதல் வாரம் தளத்தை மாற்றினார்கள். அன்றைக்கு ராகவ் எல்லாருக்கும் அனுப்பிய மெயிலைத் தோண்டி எடுத்தேன். "பழைய கேள்விகளை அப்படியே எடுத்து ஒட்டலாம். எல்லாத் தளமும் ஒன்றுதான்." இந்த வரியை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இவர் பார்த்துவிட்டு, சாமி படமா என்றார்.

ஒன்றா? எது ஒன்று?

பழையவரிடம் ஒரு வார்த்தைக்குப் பின்னால் நட்சத்திரம் போட்டால் அதன் வால் எத்தனை எழுத்தானாலும் பிடித்துவருவார். பறி* என்றால் பறிப்பு, பறிக்கும், பறிப்பான், எல்லாம். (ஆங்கிலத்தில்தான் அடிப்பேன், இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன்.) புதியவரிடம் நட்சத்திரம் என்றால் ஒரே ஒரு எழுத்து. வால் முழுவதும் வேண்டுமென்றால் கூட்டல் குறி. ஓசியாருக்குக் குறியே வேண்டாம், அவராக வாலைச் சேர்த்துக்கொள்வார், நாம் வேண்டாம் என்றாலும்.

அடுத்தது. கழியும் கொக்கியும் ஐந்து வார்த்தைக்குள் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும் என்று கேட்க, பழையவரிடம் நடுவில் நியர்5. புதியவருக்கு அது தெரியாது. அவருக்கு 5டி. தெரியாது என்று சொன்னாரா? இல்லை. நியர்5 என்பதையும் ஒரு வார்த்தையாக எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு வார்த்தை எந்த ஆவணத்திலாவது இருக்கிறதா என்று உலகம் பூராவும் தேடியிருக்கிறார். எந்த நாட்டில் இருக்கும்? ஒரு சிவப்பு எழுத்து காட்டினால் என்ன? "அம்மா, இது எனக்குப் புரியவில்லை" என்று ஒரு வரி சொன்னால் குறைந்தா போய்விடுவார்? டீக்கடையில்கூடப் புரியாவிட்டால் திரும்பக் கேட்பார்கள்.

அதே டீக்கடையில் வடையும் கேளுங்கள். "டீ அல்லது காபி மற்றும் வடை." பழையவர் இடமிருந்து வலமாகப் படிப்பார்: டீயோ காபியோ, எது குடித்தாலும் வடை உண்டு. புதியவர் 'மற்றும்' இருக்கும் இடத்தை முதலில் முடிப்பார்: காபிக்கு வடை, டீ குடிப்பவர் வெறும் வாயோடு போக வேண்டியது. அடைப்புக்குறி போட்டால் தப்பிக்கலாம். போடச் சொல்லி யார் சொன்னது? எல்லாத் தளமும் ஒன்றுதானே.

அக்காவுக்கு நான் ஒட்டிய கேள்வி ஐந்து துண்டு, 'அல்லது' போட்டுச் சேர்த்தது. இன்று ஒவ்வொன்றாகப் பிரித்து ஓட்டினேன். நான்கு துண்டுக்குப் பூஜ்யம், சத்தமில்லாமல். ஐந்தாவது மட்டும் உயிரோடு.

சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

ஜனவரி 22, வியாழன்

மத்தியானம் மரவள்ளி லாரி ஒன்று வளைவில் சாய்ந்து ரோடு அடைப்பு. யாருக்கும் ஒன்றும் இல்லை. பாதி ஊர் கிழங்கு பொறுக்கிக் கொடுக்கப் போனது, மீதி வேடிக்கை பார்க்க.

ராகவுக்குப் போன். பாறை மேல் ஏறி நின்றுதான் பேச முடிந்தது.

சொன்னேன். நட்சத்திரம், நியர்5, மெயில், எல்லாம். பொறுமையாகத்தான் கேட்டார்.

"மேடம், அந்தக் குறி மாத்தி ஒரு ஷீட் அனுப்பிச்சோமே?"

"ஆகஸ்டுல அனுப்பினீங்க. ஜூனும் ஜூலையும் எல்லாரும் ஒட்டிக்கிட்டுதான் இருந்தோம்."

"அப்போ வந்த ரிப்போர்ட்டுக்கெல்லாம் இப்ப பிரச்சனைன்னு சொல்றீங்களா?"

"மறுபடி ஓட்டிப் பாக்கணும்னு சொல்றேன்."

அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அது வேணாம். இந்தத் துரட்டி கேஸ் நாம ஃப்ரீயா எடுத்தது. பதில் போடாம விட்டா தானா போயிடும். அந்தம்மாவுக்கு என்ன தெரியப்போகுது?"

இந்த அம்மாவின் படத்தைத்தான் கம்பெனியின் முதல் பக்கத்தில் போட்டார்கள். 'மலையிலிருந்து ஒரு கண்டுபிடிப்பு' என்று. படம் எடுக்க ஒரு பையன் கேமராவோடு வந்து, அக்காவை நல்ல சேலை கட்டச் சொல்லி, மிளகே இல்லாத மரத்துக்கு அடியில் நிற்கவைத்தான். அப்போது தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்திருந்தது.

நன்றாகத் திட்ட வேண்டும் என்று நினைத்தேன். "சரிங்க சார், யோசிச்சுச் சொல்றேன்" என்றுதான் வாயில் வந்தது. இறங்கி வரும்போது அதற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

ஜனவரி 23, வெள்ளி

மழை இல்லை, வெயிலும் இல்லை. மிளகு அப்படியே கிடக்கிறது.

ராகவைக் கிழித்துத் தொங்கவிட வேண்டும் என்று ஜூன் மாதத்து வேலை நோட்டை எடுத்தேன். ஆதாரத்தோடு எழுதலாமே. எடுக்காமல் இருந்திருக்கலாம்.

நோட்டில் இருப்பது:
- தண்ணீர்க் குழாய்க் கம்பெனி. விடை 9. பக்கத்தில் என் எழுத்து: "இவ்வளவு கம்மியா? சந்தேகம்." இரண்டு நாள் ஓசியாரில் உட்கார்ந்து வேறு வார்த்தைகளில் தேடியிருக்கிறேன்.
- செருப்பு ஒட்டும் பசை. விடை 14. "நம்பாதே." மறுபடி தேடல், ஒன்றரை நாள்.
- ப. அக்கா துரட்டி. விடை 3. பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

ஒரு சிரிக்கும் முகம். அவ்வளவுதான். மறுபடி தேடல் இல்லை.

கழி, கொக்கி, பை. உலகத்தில் பழத்தோட்டம் வைத்தவனெல்லாம் யோசித்திருக்கக்கூடிய விஷயம். அதற்கு மூன்றே விடை வந்தால் முதல் வருடம் வேலைக்கு வந்த பெண்கூட எங்கேயோ தப்பு என்று சொல்லுவாள். செருப்புப் பசைக்காரன் எனக்கு யார்? அவனுக்குச் சந்தேகப்பட்டேன். அக்காவுக்குச் சந்தோஷப்பட்டேன். அந்த மூன்றும் சம்பந்தமே இல்லாத ஆவணம் என்று பார்த்ததும் உடனே போன் போட்டு, "அக்கா, உங்களுதுதாங்க மொதல்ல" என்று சொன்னது நினைவிருக்கிறது. அந்தப் பக்கம் அக்கா மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னதும் கேட்டது.

தளம் முட்டாள், மேனேஜர் பொய்யர், எல்லாம் சரி. மூன்றைப் பார்த்து நம்பியது நான். நம்ப ஆசைப்பட்டு நம்பினேன். ஆகஸ்டில் அந்த ஷீட் வந்தபோதுகூட ஜூனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இவரிடம் சொன்னேன். "அப்ப நேர்ல போய்ச் சொல்லு, போன்ல வேண்டாம்" என்றார். அதற்கும் கோபம் வந்தது, காரணம் தெரியவில்லை.

ஜனவரி 24, சனி

அரியூர் நாட்டுக்கு முதல் பஸ். ஆவணத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன், பதினான்கு பக்கமும். பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பேர்: "மெளகு என்ன போவுதுங்க?" "போவுது போவுது, நாமதான் போக மாட்டேங்கறோம்." டிரைவர்கூடச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா மரத்தடியில்தான் இருந்தது. கழுத்தைப் பின்னால் சாய்த்து, துரட்டி மேலே, கயிறு கையில். சேலைக் குழாய்க்குள் சரம் சரசரவென்று இறங்கி வந்தது.

"வா கண்ணு. ஏன், மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

வரும் வழியெல்லாம் சேர்த்துவைத்த பேச்சு ஒன்றும் வரவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன். இது முன்னாடியே ஒருவர் செய்து பதிவு பண்ணியிருக்கிறார், நான் தேடும்போது கிடைக்கவில்லை, மூன்று வந்ததும் போதும் என்று விட்டுவிட்டேன், வேறு யாருக்காவது இருந்தால் விட்டிருக்க மாட்டேன். குறி மாறிய கதையையும் சொன்னேன். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. கடைசியில் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டது.

"வேற ஆளுக்கா இருந்தா இன்னும் தேடியிருப்பயா?"

"ஆமாங்க்கா."

"எனக்குன்னா தேட மாட்டயா?"

கீழே சிந்திய மிளகைப் பொறுக்கினேன்.

"வேண்டியவங்கன்னா கொறயச் சொல்ல மனசு வராதுதான் கண்ணு. ஆனா நான் ஊரெல்லாம் சொல்லிப்போட்டனே." துரட்டியை மரத்தில் சாய்த்துவைத்தது. "அந்தக் கடைக்காரன்கிட்டயே சொல்லிப்போட்டன், எங்கிட்ட காயிதம் இருக்குதுன்னு."

இதற்குத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மாமா கம்பு ஊன்றி வந்து, காப்பி குடிச்சிட்டுப் பேசுங்க என்றார். குடித்தோம். அக்கா கையை முந்தானையில் துடைத்துவிட்டுக் காகிதத்தைக் கேட்டது. எழுத்து இங்கிலீஷ், அதனால் எழுத்தை விட்டுவிட்டுப் படம் இருக்கும் பக்கத்தில் நின்றது. ரொம்ப நேரம் பார்த்தது.

"இவன் எதுக்கு ஏணி மேல நிக்கறான்?"

குனிந்து பார்த்தேன். ஒரு ஆள், மடக்கு ஏணி, மேல்படியில் நிற்கிறான். கையில் கழி.

"கழி இருக்குதல்ல, கீழ நின்னு பறிக்க வேண்டியதுதானே? பாரு, எடது கையில கொப்பப் புடிச்சிருக்கறான். புடிக்காம இழுத்தா கொப்பும் கூடவே வந்துரும். மெளகுக் கொடியின்னா மொத்தமாப் பிஞ்சுக்கும். மொத மாசம் எனக்கும் அப்படித்தான் ஆச்சு. அப்பறந்தான் கொக்கிக்குப் பக்கத்துல வெரலாட்ட ரெண்டாவதா ஒண்ணு வெச்சன். கவுத்த இழுத்தா அது மொதல்ல கொடியப் புடிச்சுக்கும், அதுக்கப்பறந்தான் கொக்கி சரத்த இழுக்கும். இவனுக்குக் கைதான் புடிக்கோணும். கை எட்டோணும்னா ஏறித்தான் ஆகோணும்." காகிதத்தை மாமாவிடம் நீட்டியது. "ஏறாம இருக்கத்தானே நான் இத்தன பாடுபட்டன்."

மாமா படத்தைப் பார்த்துவிட்டு, "இவனும் ஒரு நாளைக்கு உளுவான்" என்றார்.

பதினான்கு பக்கத்தையும் பையில் சுமந்துகொண்டு வந்தவள் நான். அந்தப் படத்தை நான் பார்க்கவே இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு

கறி எடுக்கவில்லை, நேரமில்லை. இவரே முட்டைக் குழம்பு வைத்தார். உப்பு அதிகம். சொல்லவில்லை.

காலையில் அக்காவின் விண்ணப்பத்தைத் திரும்பப் படித்தேன். இரண்டாவது விரல் விவரிப்பில் இருக்கிறது, கயிற்றோடு, படத்தோடு. உரிமைக்கோரலில் மட்டும் இல்லை. என் அறிக்கையில் வேறு எதுவும் இல்லை என்று இருந்ததால் வக்கீல் தாராளமாக, கழி, கொக்கி, குழாய் என்று நிறுத்திவிட்டார். விவரிப்பில் இருப்பதைக் கோரலுக்குள் கொண்டுவந்து திருத்தலாம். அதற்கு இடம் இருக்கிறது. பதிலை விண்ணப்பதாரரே கொடுக்கலாம், அக்கா கையெழுத்துப் போதும். ஆறு மாதம் அவகாசம்.

ஆனால் இந்த இரண்டு விரல் விஷயமும் வேறு எவனாவது முன்பே எழுதிவைத்திருந்தால்? தேடாமல் போகக் கூடாது. புதியவரிடம், அவர் மொழியிலேயே, கூட்டல், 5டி, அடைப்புக்குறி, எல்லாம் சரியாகப் போட்டு எழுதினேன். ஒவ்வொரு துண்டையும் தனியாக ஓட்டி, உயிர் இருக்கிறதா என்று பார்த்துப் பிறகு சேர்த்தேன். விடை 212.

212 நல்ல எண். பயம் வந்தது, அப்படித்தான் வர வேண்டும்.

ராகவிடமிருந்து மெயிலில் ஒரு காகிதம். ஒரே வரி, கீழே என் பெயர் அடித்துத் தயாராக: 'தேடுநரின் தட்டச்சுப் பிழையால் ஆவணம் விடுபட்டது.' கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்கிறார்.

தட்டச்சுப் பிழையா? ஒரு எழுத்துக்கூடத் தப்பாக அடிக்கவில்லை. தப்பாக அடித்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். நானே எழுதி அனுப்பியது:

'மூன்று விடை குறைவு என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். விண்ணப்பதாரர் எனக்கு வேண்டியவர் என்பதால் சந்தேகப்படாமல் விட்டேன். அது என் தவறு. பழைய கேள்விகளை அப்படியே ஒட்டலாம் என்று எழுதியது நீங்கள், மெயில் இணைப்பில். ஜூன், ஜூலை அறிக்கைகள் எல்லாவற்றையும், மற்றவர்களுடையதையும் சேர்த்து, மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த வாடிக்கையாளர்களுக்கும் சொல்ல வேண்டும்.'

அனுப்பும் முன் இவரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார்.

"வேலை போயிருமே புள்ள?"

"போகட்டும்."

"கடசி வரிய எடுத்துட்டா?"

"எடுக்க மாட்டேன்."

சரி என்று எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார்.

ஜனவரி 26, திங்கள்

பள்ளியில் கொடி. ஒலிபெருக்கி காலை முழுக்க. எழுபது ஆவணம் முடித்தேன். ஒவ்வொன்றிலும் முதலில் படம், பிறகுதான் எழுத்து. இரண்டு விரல், தரையிலிருந்து, கயிறு: எதிலும் இல்லை. கிட்டே வந்தது ஒன்று, தேங்காய்க்கு. ஆனால் அது வெட்டுகிறது, பிடிக்கவில்லை. குறித்துவைத்தேன்.

கண் எரிகிறது. அக்கா போன்: "என்ன கண்ணு, எவனாச்சும் சிக்குனானா?" இன்னும் இல்லைங்க்கா என்றேன். "இருந்தா மறைக்காமச் சொல்லிப்போடு" என்று வைத்துவிட்டது.

ஜனவரி 27, செவ்வாய்

பனி திரும்பவும். மிளகை மூட்டை கட்டியாயிற்று.

141வது ஆவணத்தை முடித்தபோது திரை வெள்ளையானது. நெட்வொர்க் என்று நினைத்துப் பாறைக்குப் போனேன். நெட்வொர்க் நன்றாகவே இருந்தது. 'உங்கள் கணக்கு நிறுத்தப்பட்டது.' ராகவிடமிருந்து மெயில் இரண்டு வரி, நன்றியோடு. ஆறு வருடத்துக்கு இரண்டு வரி. ஜூன் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த வாடிக்கையாளர்களின் பெயர் ஒன்பது என் நோட்டில் இருக்கிறது, என் வேலை மட்டும். மற்றவர்கள் செய்தது எத்தனையோ.

அழவில்லை. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன், சத்தமாக. கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

மீதி 71 ஆவணம். ஓசியாரிடம்தான் போக வேண்டும். அங்கே கூட்டல் செல்லாது, 5டி செல்லாது, அடைப்புக்குறியை மட்டும் மதிப்பார். கேள்வியை முழுக்கப் பிரித்துத் திரும்ப எழுதினேன், ஒன்றரை மணி நேரம். வரிசையும் வேறு, அதனால் 141 என்பதற்கு இங்கே அர்த்தமில்லை. விடை 388.

ஒன்றிலிருந்து. முதல் ஆவணம், கொய்யாவுக்கு. படம் இரண்டாம் பக்கம். ஆள் ஏணியில் நிற்கிறான்.

சரி. அடுத்தது.